"உன் அழைப்பைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

தெற்குத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். அடுத்த மாதம், சபைக் குருமாரைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் கீழுள்ள சபைகளின்) தேர்வுக் குழு முன் போய் உட்காரவேண்டும். அங்கே கிரேக்கமோ சபைச் சரித்திரமோ கேட்பதற்கு முன்னால், "தம்பி, உன் அழைப்பைப் பற்றிச் சொல்" என்பார்கள் என்று மூத்த மாணவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டவர் என்னை ஊழியத்துக்கு எப்படிக் கூப்பிட்டார் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

படிக்க வருவதற்கு முன் இதே கேள்விக்கு மூன்று நிமிடத்தில் பதில் சொன்னவன் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எங்கள் ஊர்க் கன்வென்ஷன். பனையோலைப் பந்தல், மணலில் விரித்த பாய், மூன்றாம் நாள் இரவு. பிரசங்கியார் ஏசாயா ஆறாம் அதிகாரத்தை எடுத்தார். யாரை நான் அனுப்புவேன் என்று ஆண்டவர் கேட்கிறார். இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும் என்கிறார் தீர்க்கதரிசி. முழங்கால் நடுங்க எழுந்து முன்னால் போனேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து அழுதுகொண்டே வந்து என் தலையில் கைவைத்தார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பி.டி. இரண்டாம் ஆண்டு எபிரேய வகுப்பில் அதே அதிகாரத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்தோம். "இதோ, அடியேன் இருக்கிறேன்" என்ற இடத்தில் "ஹின்னேனி" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் பந்தலின் ஓலை வாசனை நினைவுக்கு வந்தது. ஆனால் கன்வென்ஷனில் எட்டாம் வசனத்தோடு பாட்டு தொடங்கிவிட்டது. வகுப்பில் ஒன்பதாம் வசனத்துக்குப் போனோம். போகிறேன் என்றவரிடம் ஆண்டவர் கொடுத்தனுப்பும் செய்தியைப் பாருங்கள்: கேட்டும் உணராமல் இருங்கள், கண்டும் அறியாமல் இருங்கள். தீர்க்கதரிசி "எதுவரைக்கும், ஆண்டவரே?" என்று கேட்கிறார். பட்டணங்கள் குடியில்லாமல் பாழாகும்வரைக்கும் என்று பதில் வருகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசுவாசம் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் எட்டாம் வசனத்தோடு நிறுத்திச் சாட்சி சொல்ல இனி என்னால் முடியாது. பாதியை ஒளித்துவைத்துப் பேசுவதாகவே தோன்றுகிறது. படித்துக்கொண்டிருப்பவர்களும் ஊழியத்தில் இருப்பவர்களும் சொல்லுங்கள். உங்கள் அழைப்பை இன்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒலிவக்கன்று

தம்பி, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க மனம் கனத்துவிட்டது. நான் ஓராண்டு வேதாகமப் பள்ளியில் மட்டும் படித்துவிட்டு வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்கு எபிரேயம் தெரியாது. இங்குள்ள மக்களின் மொழி தெரியும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவை நினைத்துப் பார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். 1909இல் குருவானார், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பேராயர், ஆனார். அவரிடம் இறையியல் பட்டம் இல்லை. மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டப் படிப்பையும் அவர் முடிக்கவில்லை. அவர் அத்தியட்சராக இருந்த தோர்ணக்கல் மண்ணில் ஆயிரமாயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள். பந்தலில் நீ கேட்டது உண்மையான குரல். வகுப்பறையில் அதைத் தொலைத்துவிடாதே. இதைத்தான் உனக்காக ஜெபிக்கிறேன்.

தெபொராள்

ஒலிவக்கன்று அண்ணா, நீங்கள் செய்கிற வேலைக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அசரியாவின் கதையை அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது. பட்டம் இல்லாத அதே அசரியாதான் தோர்ணக்கல்லில் கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பாடுபட்டார். அங்கே கணவர்களோடு மனைவிமார்களும் உட்கார்ந்து படித்தார்கள். தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். படிப்பு அழைப்பைத் தின்றுவிடும் என்று அவர் பயப்படவில்லை.

தெற்குத்தெரு, உங்களுக்கு ஏசாயா 6 செய்ததை எனக்கு எரேமியா 20 செய்தது. ஏழாம் வசனத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் "என்னை இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்" என்று படிக்கிறோம். அடக்கமான வார்த்தை. எபிரேயத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல்தான் யாத்திராகமம் 22:16இலும் வருகிறது. ஒருவன் ஒரு கன்னிகையை மயக்கிக் கெடுப்பதைச் சொல்லும் இடம் அது. நம் மொழிபெயர்ப்பே அங்கே "மோசம்போக்கி" என்று போட்டிருக்கிறது. எரேமியா ஆண்டவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறார். எங்கள் ஆசிரியை அந்த இரண்டு வசனங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, ஒன்றும் விளக்காமல் உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அழைக்கப்பட்டவர்கள் அழைத்தவரிடம் இப்படியும் பேசலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். ஊழியத்துக்கு வந்தபின் என்னைத் தாங்கியது அந்தக் கரும்பலகை.

ஏன் தாங்கவேண்டியிருந்தது என்று கேட்பீர்கள். நான் அபிஷேகம் பெற்ற குரு. சேகரத்துக்கு, அதாவது என் பொறுப்பில் உள்ள சபைகளுக்கு, வந்த முதல் வாரம் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். கதவைத் திறந்த பெரியவர் அன்பாக "வாருங்கள் ஐயரம்மா" என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஐயர் பின்னால் வருகிறாரா?" என்று கேட்டார். எங்கள் சபைப் பேச்சில் ஐயர் என்றால் குருவானவர், ஐயரம்மா என்றால் அவருடைய மனைவி. எனக்கென்று ஒரு சொல் எங்கள் பேச்சில் இன்னும் பிறக்கவில்லை. 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்திய திருச்சபையின் முதல் பெண் பேராயரானபோது நான் மாணவி. விடுதியில் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். பேராயர் வந்துவிட்டார், அந்தப் பெரியவரின் வாயில் சொல் வரவில்லை. இப்போது அவர் என்னை "அம்மா" என்று மட்டும் கூப்பிடுகிறார். நான் ஏற்றுக்கொண்டேன்.

பழைய சைக்கிள்

நான் ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் சேகரத்தில் ஏழு ஆலயங்கள், ஒரு சைக்கிள். அந்த நினைவில்தான் இங்கே இந்தப் பெயரில் எழுதுகிறேன்.

தம்பி, நீ ஏசாயாவை விட்டுவிட்டுச் சாமுவேலிடம் போ. முதலாம் சாமுவேல் மூன்றாம் அதிகாரம். ஆண்டவர் கூப்பிடுகிறார், பையன் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். ஆண்டவருடைய குரலை ஒரு கிழவனுடைய குரல் என்றே நினைக்கிறான். அது யாருடைய குரல் என்று கண்டுகொண்டது ஏலி. கண் மங்கிப்போனவர், பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர், வீடே அழியப்போகிறது என்ற தீர்ப்பைச் சுமப்பவர். அவர் சொல்லித்தான் பையனுக்குத் தெரிகிறது.

என் கதையும் அதுதான். எனக்குத் தரிசனம் எதுவும் இல்லை. எங்கள் ஊர் உபதேசியார், குருவுக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் ஊழியர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒருநாள் சாவு வீட்டில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் கையில் வேதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திரும்பி வரும்போது வரப்பில் நின்று, "நீ வாசித்தபோது அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள், கவனித்தாயா?" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. அடுத்த வாரமே அவர் சேகர குருவிடம் போய் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். குழுவில் என்னைக் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். என் அழைப்பை முதலில் கேட்டது வேறொருவருடைய காது என்றேன்.

உன் ஏலி யார் என்று யோசித்துப் பார்.

கீழத்தெரு

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். பிறர் கண்டுகொள்ளவேண்டும் என்கிறீர்கள். கண்டுகொள்ள மறுத்தால்?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய 1706ஐப் பேசுவார்கள், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் படம் எடுப்பார்கள். 1733இல் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றதையும் சொல்வார்கள். இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவர். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் வீரராக இருந்தவர். சுவிசேஷத்தைத் தானே வாசித்து வந்தவர். அடிபட்டும் மிரட்டப்பட்டும் விலகாமல் உழைத்தவர். இரண்டாவது குருவைத் தேடியபோது அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சத்தில் அவரை விட்டுவிட்டார்கள். 1741இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து இறந்தார்.

அவருக்கு அழைப்பு இல்லையா? இருந்தது. கூப்பிட்ட குரலையும் அவர் கேட்டார். ஏலிகள்தான் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் படித்து முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் திருமண்டலத் தேர்தலில் என் மாமா எந்த அணிக்கு வாக்களித்தார் என்பது என் கோப்பைவிட முன்னால் போய் நிற்கிறது. இன்றுவரை நியமனம் இல்லை. ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன்.

ஆனாலும் அந்தப் படிப்புக்காக நன்றி சொல்கிறேன். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தேன். அங்கே வளாகத்தை விட்டு வெளியே போய் ஏழை மக்களோடு ஓராண்டு வாழ்வதும் பாடம். ஒற்றை அறையில் நால்வர் தங்கினோம். முதல் வாரம் நான் பிரசங்கக் குறிப்புகளை நான்கு நோட்டுகளில் அடுக்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி படித்தவர்தானே, ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க மனு எழுதிக் கொடுங்கள்" என்றார். அந்த ஆண்டு முழுக்க மனு எழுதினேன். நோட்டை ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா, "பரட்டை" என்று மக்கள் அழைத்தவர், ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதை இறையியலாகவே சொன்னவர். 2005இல் காலமானார். அவரிடம் நேரில் படிக்கும் பாக்கியம் எனக்கு இல்லை. ஆனால் அந்த அக்கா வீட்டில் ஒரு தட்டில் சாப்பிட்டபோது, ராஜநாயக்கன் கையால் யார் வாங்கமாட்டேன் என்றார்களோ அவர்களை நினைத்தேன். அழைப்பு என்றால் எனக்கு அந்தத் தட்டுதான்.

பழைய சைக்கிள்

கீழத்தெரு தம்பி, உன் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். என் ஏலியும் தம் பிள்ளைகள் செய்த அநியாயத்தைத் தெரிந்தே பேசாமல் இருந்தவர் என்பதை நான் வசதியாக விட்டுவிட்டேன். அந்த அதிகாரத்தில் சாமுவேலுக்குக் கொடுக்கப்பட்ட முதல் செய்தியே அந்த மௌனத்துக்கு எதிரான தீர்ப்புத்தான். தேர்வுக் குழுவில் நானும் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்தவன். பேசவேண்டிய சில நாட்களில் பேசாமல் இருந்தேன். மன்னித்துக்கொள்.

புதியவள்

எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. இதுவரை எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் அப்பா கிராமத்தில் சிறிய ஜெபவீடு நடத்துகிறார். நோயாளிகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்கு அவர் சொல்லும் வசனம் மாற்கு 16:18. போன வாரம் வகுப்பில், சீனாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது என்று படித்தோம். பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள், அதோடு சரி. ஒன்பதிலிருந்து இருபதுவரை பிற்காலச் சேர்க்கை என்றார் ஆசிரியர். ஞாயிறு இரவு அப்பா போனில் "இந்த வாரம் என்ன படித்தாய்?" என்று ஆசையாகக் கேட்டார். கிரேக்க இலக்கணம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் நான் சொல்லும் முதல் பொய் அது.

தெபொராள்

புதியவள், கண்ணைத் துடைத்துக்கொள். மாற்கு 6:5ஐ எடுத்து வாசி. சொந்த ஊரில் யாரும் நம்பாத இடத்தில் இயேசு சில நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்குகிறார். அப்போஸ்தலர் 28:8ஐயும் பார். உன் அப்பா செய்வது பதினாறாம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

போனில் சொல்லாதே. விடுமுறையில் போகும்போது அப்பாவோடு ஒரு நோயாளி வீட்டுக்குப் போ. திரும்பி நடந்து வரும்போது சொல். மகள் தன்னோடு அந்த வீட்டுக்குள் வந்தாள் என்பது அவர் மனதில் இருக்கும்போது சொன்னால் வேறுவிதமாகக் கேட்பார். மறைத்துவைத்தால் படிப்பு உனக்கும் அவருக்கும் நடுவே சுவராக எழும்பிவிடும்.

ஒலிவக்கன்று

புதியவளின் அப்பாவைப் போன்றவன்தான் நானும். மகளே, உன் அப்பா கோபப்பட்டால் பயந்து போகாதே. அவருக்கு ஒரு நாள் தேவைப்படும். எனக்கும் இப்போது தேவைப்படுகிறது. இந்த வசன விவரம் எனக்குத் தெரியாது. நாளை காலை ஜெபத்தில் இதை ஆண்டவரிடம் கேட்கவேண்டும்.

மட்டுநகரான்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மெதடிஸ்த போதகர். கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் படித்தேன். சிங்களத்திலும் தமிழிலும் படிப்பு நடக்கும். இரண்டு இனத்தவரும் ஒரே விடுதியில் இருப்போம்.

2009 மே மாதம் நான் அங்கே மாணவன். போர் முடிந்தது என்ற அறிவிப்பு வந்த அன்று தெருவெங்கும் பட்டாசு, பாற்சோறு. என் சித்தி குடும்பம் வன்னிக்குள் இருந்தது. உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. என் அறைத்தோழன் காலியைச் சேர்ந்த சிங்களவன். அவன் வெளியே போகவில்லை. எனக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் பேச்சு வரவில்லை. இருட்டியபின் அவன் தட்டுத்தடுமாறித் தமிழில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினான். பாதியில் அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. மீதியை நான் சொன்னேன்.

எனக்கு எபிரேயம் மறந்துவிட்டது. அந்த அறை மறக்கவில்லை. உங்கள் குழு இதைக் கேட்டால் அழைப்பு என்று ஏற்றுக்கொள்ளுமோ தெரியாது. எனக்கு இதுதான்.

தெற்குத்தெரு

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பழைய சைக்கிள் ஐயா கேட்ட கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏலியாக யாரும் இல்லை என்றே நினைத்தேன். பிறகு ஆச்சி நினைவுக்கு வந்தார்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாதம் ஊழியப் பயிற்சி. ஆலயத்துக்கு எதிர்வீட்டில் ஓர் ஆச்சி பீடி சுற்றுவார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். எழுதப் படிக்கத் தெரியாது, 121ஆம் சங்கீதம் மனப்பாடம். தினமும் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுற்றுவார். ஒருநாள், 1995இல் வெளிவந்த புதிய வேதாகமப் பொதுமொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தேன். "ஒத்தாசை" என்ற சொல் வரவில்லை என்றதும் கையை நிறுத்திவிட்டார். நான் சொன்னேன்: "ஆச்சி, பழைய வேதத்தில் 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்' என்று இருக்கிறது. எபிரேயத்தில் அது கேள்வி. மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்."

அவருடைய பழைய நம்பிக்கையைக் கலைத்துவிட்டேனோ என்று பயந்தேன். ஆச்சி மேற்கே மலையைப் பார்த்தார். "கேள்வியா? அப்படியென்றால் அடுத்த வரி பதில். நான் இத்தனை வருஷம் இரண்டையும் பதிலாகவே சொல்லிவிட்டேனே" என்றார். இருபத்தைந்து பீடியை எண்ணி நூலால் கட்டிச் சுளகின் ஓரத்தில் வைத்தார். பிறகு, "உனக்கு எப்போது அங்கி போடுவார்கள்? என் அடக்கத்துக்கு நீதான் வரவேண்டும். அன்றைக்கும் இதைக் கேள்வியாகவே வாசி" என்றார்.

அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். என்னை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. வகுப்பில் படித்ததும் பந்தலில் எழுந்து நின்றதும் அந்தத் திண்ணையில் ஒன்றாக வந்து நின்றன.

தெற்குத்தெரு

நேர்முகம் நேற்று முடிந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழைப்பைச் சொல் என்றார்கள். பந்தலைச் சொன்னேன், ஏசாயா ஆறின் பதினோராம் வசனம்வரை சொன்னேன், ஆச்சியைச் சொன்னேன். ஒருவர் குறுக்கிட்டு, பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்கிறாயா என்று கேட்டார். அதைத்தான் ஆச்சி மனப்பாடமாகச் சொல்கிறார், அதில் வளர்ந்தவன்தான் நானும் ஐயா என்றேன். ஓரத்தில் இருந்த வயதான ஐயர் வேதத்தை என் பக்கம் தள்ளி, "அந்தச் சங்கீதத்தை ஆச்சி கேட்டபடி வாசி" என்றார். வாசித்தேன். கேள்வி வரும் இடத்தில் என் குரல் உடைந்தது. அவர் ஆச்சியின் பெயரைக் கேட்டுத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

கீழத்தெரு அண்ணா, கடைசியில் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார்கள். படித்து முடித்து இரண்டு ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களின் கோப்புகள் எப்போது எடுக்கப்படும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. உங்கள் திருமண்டலம் வேறு என்று தெரியும். ஆனாலும் அந்த அறையில் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

முடிவு கடிதத்தில் வருமாம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார், ஒரு மாதம் பீடி சுற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.